பல ஹோஸ்டிங் சர்வர்களுக்குப் பொதுவான நேம்சர்வர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் டியூஷன் வகுப்புகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுத்து, ஹோஸ்டிங்கையும் தாங்களே பார்த்துக்கொள்பவர்களுக்காக இந்தப் பக்கம். ஒரு சர்வர் இரண்டாகி, இரண்டு மூன்றாகும்போது முதலில் சிக்குவது நேம்சர்வர் ஏற்பாடுதான். நேம்சர்வர் என்பது டொமைன் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சர்வர்; இந்த ஏற்பாட்டின் பெயர்தான் டிஎன்எஸ். எடுத்துக்காட்டாக இங்கே மூன்று ஹோஸ்டிங் சர்வர்களை வைத்துக்கொள்வோம்: இரண்டு கொழும்பில், ஒன்று சிங்கப்பூரில். கீழே வரும் ஐபி முகவரிகள் விளக்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை, அப்படியே போட்டால் வேலை செய்யாது. கட்டளைகளையும் செட்டிங் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

என்எஸ்1, என்எஸ்2 என்று இரண்டு பெயர் ஏற்கெனவே இருக்கிறதே. இரண்டும் ஒரே சர்வரில்தான். அது போதாதா?

போதாது. டொமைன் பதியும் படிவம் இரண்டு பெயர் கேட்கிறது என்பதற்காக, ஒரே சர்வருக்கு இரண்டு ஐபி வாங்கி இரண்டு பெயரையும் அதிலேயே கட்டிவிடுவது நம்மிடம் பரவலான வழக்கம். படிவம் நிரம்பும், பாதுகாப்பு வராது. அந்த சர்வர் நின்றால் அதிலுள்ள தளங்கள் மட்டுமல்ல, மற்ற இரண்டு சர்வர்களில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தளங்களும் காணாமல் போகும். பெயரை முகவரியாக்கிச் சொல்ல ஆள் இல்லை.

வெவ்வேறு இயந்திரமாக இருந்தாலும் ஒரே வலையமைப்பில் இருந்தால் இதே கதைதான். 2001 ஜனவரியில் மைக்ரோசொஃப்டின் தளங்கள் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கத் திறக்கவில்லை. நான்கு நேம்சர்வர்கள் இருந்தன. நான்கும் ஒரே வலையமைப்பில் இருந்தன. அதற்குப் போகும் ரவுட்டரில் ஒரு செட்டிங் பிழையாகிப்போனது. நேம்சர்வர்களை இடத்தாலும் வலையமைப்பாலும் பிரித்து வையுங்கள் என்று இணைய நடைமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2182 அதற்கு நான்கு வருடம் முன்பே, 1997இல் எழுதிவைத்திருந்தது. 2021 ஒக்டோபர் 4இல் ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் மறைந்தபோதும் அதன் நேம்சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்கு வழி சொல்லும் பாதை அறிவிப்புகள்தான் இணையத்திலிருந்து விலகியிருந்தன.

என்எஸ்1 விழுந்தால் மட்டும்தானே என்எஸ்2இடம் கேட்பார்கள்?

இல்லை. இந்தத் தப்பெண்ணத்தால் வரும் தொல்லைதான் மிக அதிகம். வெளியுலகத்துக்கு ‘முதலாவது’, ‘இரண்டாவது’ என்று எதுவும் கிடையாது. பட்டியலில் உள்ள எல்லா நேம்சர்வர்களும் சரிசமம். வாடிக்கையாளரின் இணைய நிறுவனம் வைத்திருக்கும் ரிசோல்வர் (வாடிக்கையாளருக்காக நேம்சர்வர்களிடம் கேட்டுச் சொல்லும் சர்வர்), எது விரைவாகப் பதில் தருகிறது என்று அளந்து அதைக் கூடுதலாகக் கேட்கும். மற்றதையும் இடைக்கிடை கேட்கும்.

அதனால் என்எஸ்2இல் பழைய பதில் கிடந்தால், என்எஸ்1 நலமாக இருக்கும்போதே ஒரு பகுதியினர் பழைய சர்வருக்குப் போவார்கள். ‘எனக்குத் திறக்கிறது, கட்டாரில் இருக்கும் தம்பிக்குத் திறக்கவில்லை’ என்று வாடிக்கையாளர் சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். செத்துப்போன நேம்சர்வரை ரிசோல்வர் ஓரிரு விநாடியில் விட்டுவிட்டு அடுத்ததிடம் போகும். பிழையான பதிலைத் தெளிவாகச் சொல்லும் நேம்சர்வரை அது நம்பிவிடும். கீழே வரும் பாதிக்கு மேற்பட்ட பதில்கள் இந்த இரண்டாவது வகையைத் தடுப்பதற்குத்தான்.

எத்தனை வேண்டும்? எங்கே வைப்பது?

இரண்டு கட்டாயம். மூன்று இருந்தால் நிம்மதி. ஐந்தாறு வைப்பதால் கண்காணிக்கும் வேலைதான் கூடும். ஒன்றைக் கொழும்பிலும் ஒன்றைச் சிங்கப்பூரிலோ மும்பையிலோ வைக்கலாம். கடலடிக் கேபிளில் கோளாறு வந்தால் உள்ளூர் வாடிக்கையாளருக்குக் கொழும்பு பதில் சொல்லும். கொழும்பு நிலையத்தில் கோளாறு என்றால் மற்றது சொல்லும். சில நூறு டொமைன்களுக்கு ஒரு கோர், 1 ஜிபி நினைவகம் உள்ள சிறிய விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) தாராளம்.

‘வேறு வேறு’ என்பதை நான்கு இடத்தில் பாருங்கள். டேட்டா சென்டர் வேறா? ஐபி முகவரியை அறிவிக்கும் வலையமைப்பு, அதாவது ஏஎஸ் இலக்கம், வேறா? விற்கும் நிறுவனம் வேறா? பணம் போகும் கார்ட் வேறா? கடைசியைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் காலாவதியான ஒரே கார்ட்டில் மாதக் கட்டணம் பிடிபடாமல் இரண்டு சர்வரும் ஒரே நாளில் நிறுத்தப்பட்டால், சிங்கப்பூரில் வைத்ததும் கொழும்பில் வைத்ததும் ஒன்றுதான்.

ஹட்டன் அலுவலகத்திலேயே ஒரு நேம்சர்வர் வைக்கலாமா? ஃபைபர் இருக்கிறது, யுபிஎஸ் இருக்கிறது.

வேண்டாம். யுபிஎஸ் அரை மணித்தியாலம் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுக்க இருண்டது. மழைக்காலத்தில் மண்சரிந்து பாதையோடு தூணும் கேபிளும் போனால், திருத்துபவர்கள் வந்துசேரவே பாதை திறக்க வேண்டும். ஒக்டோபர், நவம்பர் இடிமின்னல் தனிக் கணக்கு.

இவை எல்லாவற்றையும் தாண்டினாலும், வீட்டு, சிறு வணிக இணைப்புகளில் ஐபி மாறும், அல்லது பலர் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள். வெளியிலிருந்து, நேம்சர்வர் கேள்விகள் வரும் போர்ட் 53க்கு உள்ளே வரவே முடியாது. அலுவலகக் கணினி சோன் கோப்புகளின் (ஒரு டொமைனுக்கு நேம்சர்வர் சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் உள்ள கோப்புகள்) பெக்கப் வைக்க நல்ல இடம். அதோடு நிறுத்துங்கள்.

மூன்று ஹோஸ்டிங் சர்வர் என்றால் ஆறு நேம்சர்வர் பெயரா?

அப்படித்தான் பலர் தொடங்குகிறார்கள்: முதல் சர்வருக்கு என்எஸ்1, என்எஸ்2, அடுத்ததற்கு என்எஸ்3, என்எஸ்4. ஒரு வாடிக்கையாளரை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நாளில்தான் இதன் விலை தெரியும். அவருடைய டொமைன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடி, பதிவாளரிடம் போய் நேம்சர்வரை மாற்றி, அது பரவும்வரை காத்திருக்க வேண்டும். டொமைனை வாங்கிக் கொடுத்தவர் இத்தாலிக்குப் போய் நான்கு வருடமாகியிருக்கும்.

சரியான வடிவம் வேறு. தளம் எதுவும் இல்லாத இரண்டு சிறு சர்வர்கள் நேம்சர்வராக மட்டும் நிற்கும். மூன்று ஹோஸ்டிங் சர்வர்களும் தங்கள் சோன்களை அந்த இரண்டுக்கும் தள்ளும். எந்த வாடிக்கையாளர் எந்த சர்வரில் இருந்தாலும் அவருக்குக் கொடுப்பது அதே இரண்டு பெயர்தான். இடம் மாற்றினால் ஒரு ஏ ரெக்கோர்ட் (பெயருக்குரிய ஐபியைச் சொல்லும் வரி) மாறும், அவ்வளவுதான்.

சிபேனல் பாவிக்கிறோம். படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஹோஸ்டிங் சர்வரை நிர்வகிக்கும் பேனலான சிபேனலைத் தரும் நிறுவனத்தின் ‘டிஎன்எஸ்ஒன்லி’, நேம்சர்வராக மட்டும் ஓடும் பதிப்பு, இதற்கென்றே இருக்கிறது. உரிமக் கட்டணம் இல்லை. புதிய, வேறெதுவும் நிறுவாத இரண்டு விபிஎஸ் எடுத்து ஒவ்வொன்றிலும் அதை நிறுவுங்கள். ஹோஸ்ட்நேமை நிறுவுவதற்கு முன்பே முழுப் பெயராகக் கொடுங்கள். ஃபயர்வோலில் போர்ட் 53ஐ யுடிபி, டிசிபி என்ற இரண்டு தரவு முறைகளுக்கும் உலகத்துக்கே திறந்துவிடுங்கள். நிர்வாகப் பக்கத்துக்கான 2087ஐ உங்கள் ஹோஸ்டிங் சர்வர்களுக்கும் அலுவலகத்துக்கும் மட்டும்.

பிறகு ஒவ்வொரு டிஎன்எஸ்ஒன்லி சர்வரிலும் ரூட் பயனராக ஏபிஐ டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான அனுமதிச் சாவி) உண்டாக்குங்கள். ஹோஸ்டிங் சர்வர் ஒவ்வொன்றுக்கும் தனி டோக்கன் கொடுத்தால், ஒன்று கசிந்தால் அதை மட்டும் அழிக்கலாம். அடுத்து ஹோஸ்டிங் சர்வரின் டபிள்யுஎச்எம்மில் (சிபேனலின் நிர்வாகிப் பக்கம்) டிஎன்எஸ் கிளஸ்டரை (சோன்களைப் பகிரும் சர்வர் கூட்டம்) இயக்கி, இரண்டு நேம்சர்வர்களையும் டோக்கனோடு சேர்த்து, பங்கு என்ற இடத்தில் ‘சின்க்ரனைஸ் சேஞ்சஸ்’ தெரிவு செய்யுங்கள். எதிர்த்திசையில், நேம்சர்வரிலிருந்து ஹோஸ்டிங் சர்வருக்கு, ‘ஸ்டாண்ட்அலோன்’ போதும். ஹோஸ்டிங் சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டாம். நேம்சர்வர்களையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டாம். சங்கிலியாகக் கட்டினால் பிழையான சோன் எந்த வழியாக வந்தது என்று பிறகு பிடிக்க முடியாது.

ஏற்கெனவே இருக்கும் சோன்கள் தாமாகப் போகாது. ‘எல்லா ரெக்கோர்டையும் கிளஸ்டருக்கு ஒத்திசை’ என்ற வேலையை ஒவ்வொரு ஹோஸ்டிங் சர்வரிலும் ஒருமுறை ஓட்டுங்கள்.

பிழை வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஒரே டொமைன் இரண்டு ஹோஸ்டிங் சர்வர்களில் கிடப்பது. வாடிக்கையாளரைப் புது சர்வருக்கு மாற்றிவிட்டு, ‘இருக்கட்டும், பெக்கப்தானே’ என்று பழைய கணக்கை அழிக்காமல் விட்டிருப்பார்கள். மூன்று மாதம் கழித்து யாராவது பழைய சர்வரில் அந்த சோனைத் தொட்டால், பழைய ஐபி கிளஸ்டர் முழுக்க மேலெழுதப்படும். இங்கே கடைசியாக எழுதியவர் சொல்வதுதான் சட்டம். மாற்றி முடிந்ததும் பழைய கணக்கின் பெக்கப்பைத் தரவிறக்கிக்கொண்டு கணக்கை நீக்குங்கள். நீக்கும்போது கிளஸ்டரில் உள்ள சோனும் சேர்ந்து போகாமல் இருக்க, ‘டிஎன்எஸ் சோனை வைத்திரு’ என்ற தெரிவைப் பார்த்துச் செய்யுங்கள். இரண்டாவது, ஒரு நேம்சர்வர் தொடர்ந்து எட்டாமல் இருந்தால் பேனல் அந்த இணைப்பைத் தானே நிறுத்தி வைத்துவிடலாம். சர்வர் திரும்பி வந்த பிறகும் மாற்றங்கள் அதற்குப் போகாது. அது பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடங்கலுக்குப் பிறகும் கிளஸ்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

பேனல் இல்லாமல் பைண்டிலேயே செய்வதென்றால்?

பைண்ட் ஒரு நேம்சர்வர் மென்பொருள். ஒன்று பிரைமரி (சோனை நீங்கள் எழுதும் இடம்), மற்றது செகண்டரி (அதைப் பிரதி எடுப்பது). பிரைமரி 203.0.113.53, செகண்டரி 198.51.100.53 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரைமரியின் சோன் வரையறையில் ‘அலவ்-டிரான்ஸ்ஃபர்’ வரியில் செகண்டரியை மட்டும் விடுங்கள். ஐபியை நம்புவதைவிட டீசிக் சாவி, அதாவது இரு சர்வரும் பகிரும் இரகசியச் சாவி, நல்லது. ‘டீசிக்-கீஜென்’ கட்டளை எச்மெக்-ஷா256 சாவி ஒன்றைத் தரும். அதே சாவியை இரு பக்கமும் ஒட்டுங்கள். இரண்டு சர்வரின் மணிக்கூடும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் சாவி சரியாக இருந்தும் ஏற்கப்படாது, ஆகவே நேர ஒத்திசைவை முதலில் இயக்குங்கள். ‘ஓல்சோ-நோட்டிஃபை’ வரியில் செகண்டரியின் ஐபியைப் போட்டால், மாற்றம் நடந்த சில விநாடிகளில் செகண்டரி வந்து எடுத்துக்கொள்ளும்.

செகண்டரி தன் பிரதியை எழுத உரிமையுள்ள அடைவு வேண்டும். ரெட்ஹெட் வழிவந்த லினக்ஸ்களில் அது ‘நேம்ட்’ அடைவுக்குள் இருக்கும் ‘ஸ்லேவ்ஸ்’. வேறிடத்தில் வைத்தால் உரிமைப் பிழை பதிவேட்டில் மட்டும் வரும், கோப்பு சேமிக்கப்படாது, பிரைமரி செத்திருக்கும் நேரத்தில் செகண்டரியை மறுதொடக்கம் செய்தால் கையில் ஒன்றும் இருக்காது. சேமித்த கோப்பைத் திறந்தால் கிறுக்கலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். பைண்ட் 9.9இலிருந்து செகண்டரி பிரதிகள் இயல்பாக இரும வடிவத்தில்தான் இருக்கும்.

புதிய டொமைன் சேர்த்தால் அது செகண்டரிக்குத் தானாகப் போகாது. அதற்குத் தெரிந்த சோனுக்கு மட்டும்தான் அறிவிப்பு வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்திலும் எழுதுவது ஒரு வழி, என்றோ ஒருநாள் மறப்பீர்கள். பைண்ட் 9.11இலிருந்து ‘கேட்டலொக் சோன்’ இருக்கிறது: சோன்களின் பட்டியலே ஒரு சோனாகப் பரிமாறப்படும். ஐம்பது டொமைனைத் தாண்டினால் அதற்கு மாறுங்கள்.

எஸ்ஓஏ வரியில் இருக்கும் எண்களுக்கு என்ன போடுவது?

எஸ்ஓஏ என்பது சோனின் தலைவரி. அதில் முதலில் வருவது சீரியல் இலக்கம்: வருடம், மாதம், நாள், அன்றைய எத்தனையாவது மாற்றம் என்று எழுதுவது வழக்கம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது கூட வேண்டும். அதற்குப் பிறகு 3600, 600, 1209600, 300. முறையே: மாற்றம் உண்டா என்று செகண்டரி எத்தனை விநாடிக்கொருமுறை பார்க்கும், முடியாமல் போனால் எத்தனை விநாடியில் மறுபடி முயலும், பிரைமரியை எட்டவே முடியாவிட்டால் எத்தனை விநாடி வரை பழைய பிரதியைக் கொண்டு பதில் சொல்லும், ‘அப்படியொரு பெயர் இல்லை’ என்ற பதில் எவ்வளவு நேரம் நினைவில் இருக்கும்.

மூன்றாவதுதான் உயிர். 1209600 என்றால் 14 நாள். இதில் 86400 போட்டவர்கள் இருக்கிறார்கள். போயாவோடு ஒட்டிய நீண்ட வார இறுதியில் வெள்ளி மாலை பிரைமரி விழுந்தால், சனி மாலை செகண்டரியும் வாயை மூடிக்கொள்ளும். திங்கட்கிழமை வந்து பார்ப்பவருக்கு, இரண்டு நேம்சர்வர் வைத்தும் ஏன் எல்லாம் போனது என்று விளங்காது. சிபேனல் கிளஸ்டரில் ஒவ்வொரு நேம்சர்வரும் தன் பிரதியையே மூலமாக வைத்திருப்பதால் இந்த எண் அங்கே குறுக்கிடாது.

சீரியல் இலக்கத்தில் வருடத்தைப் பிழையாக அடித்துவிட்டோம். இப்போது செகண்டரி எதையும் ஏற்கவில்லை.

2025110301 என்பதற்குப் பதில் 2205110301 என்று அடித்திருப்பீர்கள். செகண்டரி அதை வாங்கிக்கொண்டது. இனி நீங்கள் 2025இல் தொடங்கும் எதைக் கொடுத்தாலும் ‘என்னிடம் இதைவிடப் புதியது இருக்கிறது’ என்று விட்டுவிடும். பிழைச் செய்தியும் கண்ணில் படாது.

செகண்டரி உங்கள் கையில் இருந்தால் அங்கே அந்தப் பிரதியை அழித்துவிட்டு ‘ஆர்என்டிசி ரீடிரான்ஸ்ஃபர்’ கொடுங்கள், முடிந்தது. வெளி நிறுவனத்திடம் இருந்தால் இரண்டு படி. சீரியல் 32 பிட் எண். 4294967295ஐத் தாண்டினால் மறுபடி பூச்சியத்திலிருந்து சுற்றும். பிழையான எண்ணோடு 2147483647ஐக் கூட்டுங்கள்: 4352593948. இது எல்லையைத் தாண்டுவதால் 4294967296ஐக் கழியுங்கள்: 57626652. இதைச் சீரியலாகப் போட்டு, எல்லா செகண்டரிகளும் எடுத்துக்கொண்டதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு 2025110302 போடலாம். அது இப்போது ‘புதியது’ ஆகிவிடும். இடையில் ஒரு செகண்டரியைத் தவறவிட்டால் அது மட்டும் பழைய இடத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

பதிவாளரிடம் என்ன சொல்ல வேண்டும்?

உங்கள் நேம்சர்வர் பெயர்கள் உங்கள் சொந்த டொமைனுக்குள்ளேயே இருந்தால், அந்த டொமைனைக் கண்டுபிடிக்க நேம்சர்வர் வேண்டும், நேம்சர்வரைக் கண்டுபிடிக்க டொமைன் வேண்டும் என்ற வட்டம் வரும். அதை உடைப்பது ‘க்ளூ’ ரெக்கோர்ட்: பெயரோடு ஐபியையும் பதிவகத்திலேயே எழுதிவைப்பது. பதிவாளரின் பக்கத்தில் ‘ஹோஸ்ட் பதிவு’ அல்லது ‘சைல்ட் நேம்சர்வர்’ என்ற பெயரில் இருக்கும். நேம்சர்வரின் ஐபி மாறினால் உங்கள் சோனிலும் மாற்ற வேண்டும், அங்கேயும் மாற்ற வேண்டும். பின்னதை மறப்பவர்கள்தான் அதிகம்.

‘டொட் இலங்கை’யில் முடியும் தமிழ் டொமைன் வைத்திருப்பவர்கள் சோன் கோப்பில் தமிழ் எழுத்தைப் போட முடியாது, எக்ஸ், என், இரண்டு இடைக்கோடு என்று தொடங்கும் மாற்று வடிவத்தைப் போடுங்கள். நேம்சர்வர் பெயருக்கு மட்டும் சாதாரண ஆங்கில டொமைனே தொல்லை இல்லாதது. அந்த டொமைனை இயன்றளவு பல வருடத்துக்குப் புதுப்பித்துவிடுங்கள். அது காலாவதியானால் உங்கள் வாடிக்கையாளர் எல்லோரும் சேர்ந்து போவார்கள்.

நேம்சர்வர் இரண்டும் நலம். ஆனாலும் தளம் திறக்கவில்லையே?

தளம் இருக்கும் சர்வர் விழுந்திருந்தால் நேம்சர்வர் என்ன செய்யும்? செத்த சர்வரின் முகவரியைத்தான் சொல்லும். தளத்துக்கு மாற்று வேண்டுமென்றால் அது வேறு ஏற்பாடு, வேறு செலவு.

ஆனால் மின்னஞ்சலில் வித்தியாசம் பெரிது. ஏப்ரல் சீசனில் நுவரெலியா விடுதி ஒன்றுக்கு முன்பதிவுக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கும்போது மெயில் சர்வர் விழுந்தால், அனுப்பியவரின் சர்வர் வழக்கமாக நான்கைந்து நாள் வைத்திருந்து மறுபடி மறுபடி முயலும். நேம்சர்வர் பதிலே சொல்லாவிட்டாலும் அதைத் தற்காலிகக் கோளாறாகத்தான் எடுத்துக்கொள்ளும். ‘அப்படியொரு பெயரே இல்லை’ என்று ஒரு நேம்சர்வர் அரைகுறை சோனை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டால் கடிதம் உடனே திரும்பிப் போய்விடும். விருந்தினர் வேறு விடுதியைப் பார்ப்பார்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

‘டிக்’ கட்டளையில் ‘அட்’ குறியோடு நேம்சர்வரின் ஐபியைக் கொடுத்து, ஒவ்வொன்றிடமும் தனித்தனியாக எஸ்ஓஏ கேளுங்கள். ரிசோல்வர் வழியாகக் கேட்டால் நினைவில் கிடக்கும் பதில்தான் வரும். கிடைப்பது இப்படி இருந்தால்:

203.0.113.53: 2025110302 3600 600 1209600 300
198.51.100.53: 2025102907 3600 600 1209600 300

முதல் எண்ணைப் பாருங்கள். கீழேயுள்ள சர்வர் ஒக்டோபர் 29இலேயே நின்றுவிட்டது. ஐந்து நாளாக ஒரு மாற்றமும் அதற்குப் போகவில்லை, ஒருவரும் முறையிடவும் இல்லை. இன்னும் ஒன்பது நாளில் 1209600 விநாடி தீர்ந்து அது பதில் சொல்வதையே நிறுத்தும். அநேகமாகக் காரணம், பிரைமரியின் ஃபயர்வோலில் யுடிபி 53 மட்டும் திறந்திருப்பது. கேள்வி பதில் யுடிபியில் போய்வருவதால் எல்லாம் நலம்போல இருக்கும். சோன் பரிமாற்றத்துக்கு டிசிபி வேண்டும். அதே கேள்வியை ‘ப்ளஸ் டிசிபி’ சேர்த்துக் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

பதிலின் தலைப்பகுதியில், ‘இந்த சோனுக்கு நானே பொறுப்பு’ என்று சொல்லும் ‘ஏஏ’ என்ற கொடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த சர்வரிடம் சோன் ஏற்றப்படவில்லை. சம்பந்தமில்லாத ஏதோவொரு டொமைனைக் கேளுங்கள், மறுக்க வேண்டும். தேடிக் கொண்டுவந்து கொடுத்தால் ரிகர்ஷன் திறந்து கிடக்கிறது, யாரோ உங்கள் சர்வரை வைத்து மூன்றாமவரைத் தாக்குவார்கள். உடனே மூடுங்கள்.

சீரியல் ஒப்பீட்டை ஐந்து நிமிடத்துக்கொருமுறை ஓடும் சிறு ஸ்க்ரிப்டாக்கி, வேறுபாடு 15 நிமிடம் நீடித்தால் எஸ்எம்எஸ் வரும்படி செய்யுங்கள். எச்சரிக்கையை அதே டொமைனின் மின்னஞ்சலுக்கு அனுப்பினால் அது வந்துசேராமல் போகலாம்.

சோனில் வழக்கமாக வரும் எழுத்துப் பிழைகள்?

பெயரின் கடைசிப் புள்ளி விடுபடுவது. முழுப்பெயரின் வாலில் டொமைன் இன்னொருமுறை ஒட்டிக்கொள்ளும். என்எஸ் ரெக்கோர்ட் (நேம்சர்வர் பெயரைச் சொல்லும் வரி) ஒரு சிநேமை, அதாவது மாற்றுப் பெயரை, சுட்டுவது. விதி அதை அனுமதிக்காது. நேம்சர்வருக்கு ஐபிவி6 முகவரி எழுதிவிட்டு, சர்வர் அதில் காது கொடுக்காமல் இருப்பது. ஏற்றுவதற்கு முன் ‘நேம்ட்-செக்சோன்’ ஓட்டினால் இலக்கணப் பிழைகள் சிக்கும், ஒட்டிக்கொண்ட வால் எல்லா இடத்திலும் சிக்காது.

டிஎன்எஸ்செக்?

பதில்கள் போலியல்ல என்று கையொப்பத்தால் உறுதிசெய்யும் முறை இது. பிரைமரி, செகண்டரி முறையில் பிரைமரி மட்டும் கையொப்பமிடட்டும்; செகண்டரிக்கு அது தானாகப் போகும். இரண்டு சர்வரும் தனித்தனிச் சாவியால் கையொப்பமிடும் நிலை வந்தால் பாதிப்பேருக்குத் தளம் திறக்காது. கண்காணிப்பு சரியாக அமையும்வரை தொடாதீர்கள்.

ஒன்று உண்மையிலேயே விழுந்தால் தாங்குமா என்று எப்படி நம்புவது?

விழுத்திப் பாருங்கள். ஆட்கள் குறைந்த ஒரு செவ்வாய் இரவு 11 மணிக்கு, என்எஸ்1இல் நேம்சர்வர் மென்பொருளை நிறுத்துங்கள். இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் போட்ட இரண்டு போன்களில், வைஃபையை அணைத்துவிட்டு, அன்று திறந்தே இருக்காத நான்கைந்து வாடிக்கையாளர் தளங்களைத் திறந்து பாருங்கள். வெளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அரை மணித்தியாலம் விட்டு, மென்பொருளைத் தொடக்குவதற்குப் பதில் சர்வரையே மறுதொடக்கம் செய்யுங்கள். அப்போதுதான் அது தானாக எழும்புகிறதா என்பதும் தெரியும். சீரியல்களை ஒப்பிட்டுவிட்டு, அடுத்த கிழமை இதையே என்எஸ்2இல் செய்யுங்கள்.